சூட்டோடு பார்: பிரேக் வேலை பழகும் தம்பிமாருக்கு

தோப்பூரில் ஏற்றம் இறக்கம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மூதூர்ப் பக்கம் போனாலும் கிளிவெட்டிப் பக்கம் போனாலும் வயலும் வெளியும்தான். பாலத்தில் ஏறி இறங்குவதே நமக்கு மலை. அதனால் பிரேக் பழுது இங்கே மாதக்கணக்கில் ஒளிந்து கிடக்கும். கண்டி ஆஸ்பத்திரிக்கென்று சுபஹு தொழுதுவிட்டுக் கிளம்பிய வேன், மாத்தளை தாண்டி இழுக்கமாட்டாமல் நிற்கும். சில்லுப் பக்கம் கருகிய வாடை, லேசான புகை. ஓரமாக நிறுத்திப் பிளேன்டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். ஊருக்கு வந்த பிறகு உன்னிடம் தருவார்கள். நீ ஜக் வைத்துத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பாய். சில்லு சுகமாகச் சுற்றும். "ஒன்றும் இல்லை காக்கா" என்று சாவியைக் கொடுப்பாய். அடுத்த கண்டிப் பயணத்தில் அதே இடத்தில் அதே புகை.

கராஜுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு பழுதைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

1. சூடு ஆற முன் பார்.

சூட்டில் பிடிக்கிற பிரேக்கை ஆறிய பிறகு ஆராய்வது வீண் வேலை. வண்டிக்காரர் போன் எடுத்து "இப்ப பிடிச்சிட்டு நிக்கிது" என்றால், "ஆறவிட்டுக் கொண்டு வாங்க" என்று சொல்லாதே. கிட்ட என்றால் டூல் பெட்டியோடு நீ போ. தூரம் என்றால், வண்டி வந்து சேர்ந்த பிறகு நீயே அதை மறுபடி சூடாக்கு. ஆள் நடமாட்டம் குறைந்த நேரான வீதியில் 40 கிலோமீற்றர் வேகம் எடுத்து, கிட்டத்தட்ட நிற்கும் வரைக்கும் பிடித்து, விட்டு, மறுபடி எடு. நாலைந்து தரத்தில் பிடி தெரியாவிட்டால் இன்னும் செய். பெடலில் காலை வைத்தபடியே ஓட்டிச் சூடாக்காதே. அப்படிச் செய்தால் நல்ல பிரேக்கும் புகையும். எது பழுது, எது உன் கால் என்று பிரிக்க முடியாது.

2. வண்டியைத் தொடமுதல் ஆளிடம் கேள்.

கேட்க வேண்டியது மூன்று. பிடித்த நேரத்தில் பெடல் எப்படி இருந்தது? வரவர மேலே வந்து, கொஞ்சம் தொட்டாலே இறுகியதா, இல்லை வழக்கம்போல இருந்ததா? வண்டி ஒரு பக்கம் இழுத்ததா, நேராகவே பாரமானதா? ஆறியதும் முழுக்க விட்டதா, கொஞ்சம் பிடி மிச்சம் இருந்ததா?

பெடல் உயர்ந்து இறுகி, நேராகப் பாரமாகி, ஆறியதும் முழுக்க விட்டால், ஒயில் உள்ளே சிறைப்பட்டிருக்கிறது. பெடல் வழக்கம்போல இருந்து, வண்டி ஒரு பக்கம் இழுத்து, ஆறிய பிறகும் கொஞ்சம் பிடி மிச்சம் இருந்தால், பெரும்பாலும் அந்தச் சில்லில் துரு. "பாரமா இருந்திச்சி மகன், அக்சிலேட்டர் குடுத்தும் போகல்ல" என்று ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். விடாதே. திரும்பத் திரும்பக் கேள். அண்மையில் யார் கை வைத்தது, என்ன மாற்றினது என்பதையும் கேள். இதில் பாதிப் பழுது போன வேலையில்தான் பிறந்திருக்கும்.

3. எந்தச் சில்லு என்று முதலில் கண்டுபிடி.

வெப்பமானி துப்பாக்கி இருந்தால் நாலு சில்லின் டிஸ்க்கையும் டிரம்மையும் காட்டி எழுதிக்கொள். இல்லாவிட்டால் விரல் நுனியில் தண்ணீர் எடுத்து இரண்டு துளி தெளி. சீறுகிற இடம் தெரிந்துவிடும். போத்தலைக் கவிழ்த்து ஊற்றிவிடாதே. கொதிக்கிற வார்ப்பிரும்பு வெடிக்கும், டிஸ்க் வளையும். முன் பிரேக் பின் பிரேக்கைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆகவே முன்னோடு பின்னை ஒப்பிடாதே, இடதோடு வலதை ஒப்பிடு.

ஒரு சில்லு மட்டும் சூடு என்றால் அந்தச் சில்லின் கலிப்பர், ஹோஸ், ஹேண்ட்பிரேக் கம்பி. டொயோட்டா டொல்பின் வேனில் முன் இரண்டும் ஒரு லைன், பின் இரண்டும் ஒரு லைன். முன் இரண்டும் சேர்ந்து சூடு என்றால் மாஸ்டர் சிலிண்டரின் அந்தப் பகுதியைச் சந்தேகி. முன்சில்லு இழுக்கிற சின்னக் கார் பலவற்றில் லைனைக் குறுக்காகப் பிரித்திருப்பார்கள்: இடது முன்னும் வலது பின்னும் ஒரு சோடி. இது தெரியாதவன் முன்னால் ஒரு கலிப்பரையும் பின்னால் ஒரு சிலிண்டரையும் மாற்றிவிட்டு, ஒரே நாளில் இரண்டு பழுது வந்ததாகச் சொல்லுவான். நாலும் சூடு என்றால் சில்லுகளை விட்டுவிட்டுப் பெடல் பக்கம் போ.

4. சூட்டில் மட்டும் ஏன் பிடிக்கிறது என்று விளங்கிக்கொள்.

இது விளங்கினால் மிச்சம் எல்லாம் தானாக வரும். ஒயில் சூடேறினால் பெருக்கும். பெருத்த ஒயிலுக்குப் போக இடம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில், ஒயில் போத்தலுக்குப் போகிற இரண்டு துளைகளில் ஒன்று ஊசித் துளை. கால் எடுத்ததும் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கினால் ரப்பர் கப் அந்தத் துளையைத் தாண்டி நிற்கும். பெருத்த ஒயில் அதன் வழியே போத்தலுக்குத் திரும்பிவிடும். பிஸ்டன் ஒரு மயிரளவு முன்னால் நின்றாலும் கப்பின் உதடு துளையை மூடிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பார். முதல் சில தடவை பிரேக் பிடித்ததில் ஒயில் சூடாகிறது, பெருக்கிறது, போக வழியில்லை. பிஸ்டன்களைத் தள்ளுகிறது. பேட் டிஸ்க்கில் உரசுகிறது. உரசலில் சூடு கூடுகிறது, ஒயில் இன்னும் பெருக்கிறது. கால் வைக்காமலே வண்டி தன்னைத்தானே பிரேக் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தி ஆறவிட்டால் ஒயில் சுருங்கும், பிடி விடும். உன் கராஜுக்கு வரும்போது சாட்சி ஒன்றும் இருக்காது.

5. மேலிருந்து கீழே வா.

பிடித்து நிற்கிற வண்டி கைக்குக் கிடைத்ததும் எல்லோரும் ஓடிப்போய் சில்லின் எயார் எடுக்கிற நிப்பிளைத் திறப்பார்கள். ஒயில் பீச்சியடித்து, சில்லு 'டக்' என்று விட்டால் சந்தோசப்படுவார்கள். அந்தச் சந்தோசத்தில் ஒரு விசயம்தான் தெரிந்தது: உள்ளே அழுத்தம் இருந்தது. எங்கே அடைத்திருந்தது என்பது தெரியாது, அழுத்தமும் போய்விட்டது. மறுபடி ஓட்டிச் சூடாக்க வேண்டும். அந்த அழுத்தத்தை வைத்தே எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கலாம், மேலே இருந்து தொடங்கினால்.

சில்லுக்குக் கட்டை வை, கியரை எடு, பிடித்திருக்கிற சில்லை ஜக்கில் தூக்கு. தூக்கிய வண்டிக்குக் கீழே ஸ்டாண்ட் வைக்காமல் தலையை விடாதே. ஒவ்வொரு படிக்குப் பிறகும் சில்லைச் சுற்றிப் பார்.

முதலில் பெடலைக் கால்விரலால் மேலே தூக்கு. சில்லு விட்டால் பெடலின் அச்சு இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் செத்திருக்கிறது, அல்லது ஏதோ அதைக் கீழே அமுக்குகிறது. விடவில்லையென்றால் என்ஜினை நிறுத்திப் பெடலை நாலைந்து தரம் மிதித்து பூஸ்டரின் வெற்றிடத்தைத் தீர். இப்போது விட்டால் பூஸ்டரின் உள்வால்வு திரும்பி மூடவில்லை. அப்படியும் விடவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கிற இரண்டு நட்டையும் சில மில்லிமீற்றர் தளர்த்து. பூஸ்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி வரும்போது போத்தலைப் பார்த்துக்கொண்டிரு: உள்ளே ஒயில் குபுக்கென்று மேலே வரும், சில்லு விடும். அப்படியானால் பூஸ்டரிலிருந்து மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளுகிற தள்ளுகோலின் நீளம் பிழை, அல்லது பெடல் முழுக்கத் திரும்பி வரவில்லை (ஆறாவதைப் பார்). நட்டைத் தளர்த்தியும் விடவில்லையென்றால் மாஸ்டரிலிருந்து கிளம்புகிற பைப்பின் நட்டைத் தளர்த்து. இங்கே விட்டால் மாஸ்டரின் உள்ளே துளை அடைபட்டிருக்கிறது. இல்லையென்றால் சில்லுப் பக்கம் பைப்பும் ஹோஸும் சேருகிற இடம். அங்கே விட்டால் நடுவில் பைப் எங்கோ நசுங்கியிருக்கிறது, அல்லது ஏபிஎஸ் பெட்டி; இரண்டும் அபூர்வம். அங்கேயும் விடாமல் நிப்பிளில் மட்டும் விட்டால் ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால் ஒயிலுக்குச் சம்பந்தமே இல்லை, அது இரும்பின் பிடி.

ஒரு சில்லு மட்டும் பிடித்திருந்தால் பைப்–ஹோஸ் சேருகிற இடத்திலிருந்து தொடங்கினால் போதும்.

நட்டைத் தளர்த்தும் இடத்தில் துணியைச் சுற்றிக்கொள். சுடுகிற ஒயில் கண்ணில் பட்டால் அன்றைய வேலை ஆஸ்பத்திரியில். சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும். பெயின்டில் பட்டால் உரிக்கும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவு.

6. பெடலுக்குக் கொஞ்சம் சும்மா ஓட்டம் இருக்க வேண்டும்.

பெடலைக் கையால் அமுக்கிப் பார். தள்ளுகோல் பிஸ்டனைத் தொடமுதல் சிறிது வெறும் அசைவு தெரிய வேண்டும். டொயோட்டா கைநூல்கள் பலவற்றில் இது 1 முதல் 6 மில்லிமீற்றர் வரை. அந்த அசைவு இல்லாத பெடல், சூட்டில் பிடிக்கப்போகிற பெடல்.

ஒரு டொல்பின் வேன் என்னிடம் வந்தது. அதற்கு முன் வேறொரு கராஜில் மாஸ்டர் சிலிண்டர் புதுசு, முன் கலிப்பர் இரண்டும் புதுசு, பேட் புதுசு. ஆனாலும் மலை ஏறினால் நாலு சில்லும் பிடிக்கிறது. கேட்டுக் கேட்டுப் பார்த்ததில் ஆரம்பத்தில் மாற்றியது பின்பக்கச் சிவப்பு வெளிச்சம் எரியாததற்குப் பிரேக் லைட் சுவிச்! பெடலின் தண்டுக்கு மேலே இருக்கிற அந்தச் சுவிச்தான் பல வண்டிகளில் பெடல் எவ்வளவு பின்னால் வரலாம் என்பதற்குத் தடையும். புதுசு போட்டவர் இரண்டு சுற்று அதிகமாக உள்ளே திருகியிருந்தார். வெளிச்சம் சரியாக எரிந்து அணைந்தது, ஆகவே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெடல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு கீழே நின்றது. ஒரு ஸ்பானரோடு முடிகிற வேலைக்குக் கலிப்பர் இரண்டின் காசு போயிருந்தது. நான் அந்தக் காசைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழைய பேட் சோடியை மட்டும் வீட்டில் பத்திரமாக வைக்கச் சொன்னேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய பூஸ்டரையும் மாஸ்டரையும் சோடி மாற்றிப் போடுகிறவர்கள் தள்ளுகோலை அளப்பதே இல்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ளே குழியின் ஆழம் வேறு. கழற்றியதையும் போடப்போவதையும் பக்கத்தில் வைத்து வேர்னியரால் அளந்துவிட்டுப் போடு.

7. போத்தலுக்குள் டோர்ச் அடித்துப் பார்.

மூடியைக் கழற்றி, ஒருவனை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்த்தி, மெதுவாக, மிக மெதுவாக, மிதிக்கச் சொல். மிதி தொடங்கும் கணத்தில் ஊசித்துளைக்கு மேலே ஒயில் மட்டத்தில் ஒரு சிறு நீரூற்று கிளம்பும்; சில நேரம் ஒரு சுழிப்பு மட்டும். அது தெரிந்தால் துளை திறந்திருக்கிறது. தெரியாவிட்டால் சந்தேகி. ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளின் மாஸ்டரில் துளைக்குப் பதில் பிஸ்டன் நடுவில் வால்வு இருக்கும், அதில் இந்த ஊற்றை எதிர்பார்க்காதே. முகத்தை நேரே மேலே வைத்துப் பார்க்கவும் கூடாது. வேகமாக மிதித்துவிட்டால் கண்ணில் அடிக்கும்.

8. மூடியின் ரப்பரைப் பார்.

போத்தல் மூடிக்குள் இருக்கிற ரப்பர் அலையலையாக ஊதி, திரும்ப மூடிக்குள் அடங்கமாட்டேன் என்றால், அந்த வண்டியின் பிரேக்கில் வேறு ஏதோ ஒயில் கலந்திருக்கிறது. என்ஜின் ஒயில், பவர் ஸ்டியரிங் ஒயில், கழுவிய மண்ணெண்ணெய், எதுவாகவும் இருக்கலாம். மூடியில் நடந்ததுதான் மாஸ்டர் கப்பிலும் நடந்திருக்கும். ஊதிய கப் ஊசித்துளையை மூடிவிடும்.

சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடி கிளாசில் தண்ணீர் எடுத்துப் போத்தல் ஒயிலை நாலு சொட்டு விடு. சரியான பிரேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதந்து வட்டம் போடும். வட்டம் கண்டால் மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பலாம் என்று நினையாதே. ரப்பர் உள்ள ஒவ்வொன்றும் போக வேண்டும்: கலிப்பர் சீல், வீல் சிலிண்டர் கப், ஹோஸ் எல்லாம். பைப்பைச் சுத்தமான பிரேக் ஒயிலால் அலச வேண்டும். கணக்கு பெரிசாக வரும். கிளாசை வண்டிக்காரருக்கு முன்னால் வைத்துச் செய். உன் வாயால் விளக்குவதைவிட அந்த வட்டம் நன்றாக விளக்கும்.

ஒயில் பிரேக்கின் தொடக்கத்திலிருந்தே வில்லங்கம் இந்த சீலில்தான். அமெரிக்காவில் மல்கம் லோகீட் செய்த ஆரம்ப ஒயில் பிரேக்குகளில் சீல் தோலால் ஆனது, ஒழுகியது. 1924-இல் வந்த கிறைஸ்லர் காருக்கு அந்தக் கம்பனி என்ஜினியர்மார் ரப்பர் கப் போட்ட பிறகுதான் அது ஊருக்கெல்லாம் போகிற பிரேக் ஆனது. பழைய சீலின் குறையைத் தீர்த்த அந்த ரப்பருக்கு ஒரே ஒரு பகை எண்ணெய். ஆகவே பிரேக் பாகத்தைப் பெற்றோலில் கழுவாதே. பிரேக் ஒயில் ஊற்றுகிற புனலை வேறு எதற்கும் எடுக்காதே. கராஜில் அதற்கென்று ஒரு புனலைப் பையில் கட்டித் தொங்கவிடு.

9. ஹோஸின் வெளித்தோலை நம்பாதே.

வெளியே வெடிப்பில்லாமல் பளபளப்பாக இருக்கும். உள்தோல் உரிந்து ஒரு நாக்கு மாதிரி தொங்கும். கால் கொடுக்கிற அழுத்தம் பெரிது, அந்த நாக்கைத் தள்ளிக்கொண்டு ஒயில் போய்விடும். திரும்பி வரத் தள்ளுகிறவன் கலிப்பர் சீல்; அவன் பலம் கொஞ்சம். நாக்கு மடிந்து வழியை அடைக்கும். கலிப்பரைக் கழற்றி ஹோஸிலேயே தொங்கவிடுகிற பழக்கம்தான் பல நல்ல ஹோஸ்களைக் கொல்லுகிறது. ஒரு கம்பித் துண்டை வளைத்துக் கொக்கி செய்து வைத்துக்கொள். ஹோஸை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே. இரண்டுக்கும் ஒரே வயது.

10. நம்முடைய காற்றில் உப்பு இருக்கிறது.

கொட்டியாரக்குடாவின் காற்று ஒன்று. மழைக்காலத்து வயல் சேறு இன்னொன்று. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை வண்டிகள் பாதையில் (மிதவைப் படகில்) ஏறித் திருகோணமலை போய் வந்தன. பாதையில் ஏற இறங்க உப்புத் தண்ணீரில் சில்லு நனையாத வண்டி கிடையாது. அந்தக் காலத்துக் கலிப்பர்களைக் கழற்றினவர்களுக்குத் துரு என்றால் என்னவென்று தெரியும். அதற்குப் பிறகு 2022 வந்தது. எரிபொருள் இல்லாமல் முற்றத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் பிஸ்டன் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தது. 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. நடுவில் எல்லோரும் கையில் இருந்ததையே ஓட்டினார்கள். இன்று உன்னிடம் வருகிறவற்றில் நிறைய அந்த வண்டிகள்தான்.

கலிப்பரில் பார்க்க வேண்டியவை: தூசி ரப்பர் கிழிந்திருக்கிறதா? பிஸ்டனின் வெளிப்பகுதியில் நகத்தை ஓட்டு. நகம் மாட்டினால் அது சீலையும் மாட்டும். பிஸ்டனைத் திருப்பி இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அந்தச் சதுர ரப்பர் சீல்தான். அழுத்தத்தில் கொஞ்சம் உருண்டு, விட்டதும் திரும்பி உருளும். இழுக்கிற தூரம் ஒரு மில்லிமீற்றரில் சிறு பங்கு. அவ்வளவு சின்ன இழுப்பைக் கெடுக்க ஒரு புள்ளித் துரு போதும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பிஸ்டனைப் போடாதே. மேல்பூச்சுப் போனால் அடுத்த மழையில் மறுபடி துரு. புதுப் பிஸ்டனும் சீல் செட்டும் போடு.

சிலைட் பின் கையால் இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். வறண்ட பின்னுக்குப் பேரிங் கிரீஸ் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும்; இரண்டு மாதத்தில் முன்பைவிட மோசமாகப் பிடிக்கும். சிலிக்கோன் கிரீஸ், கொஞ்சமாக. இரண்டு பின்னில் ஒன்றில் ரப்பர் உறை இருந்தால் எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே அடையாளம் வை. பேட் உட்காருகிற தகட்டுக்குக் கீழே துரு வீங்கிப் பேட்டை நெருக்கும். கழற்றிச் சுரண்டு. பேட்டின் காதை அராவி நுழைக்காதே.

11. டிரம்மில் சூடு வேறு மாதிரி வேலை செய்யும்.

டிரம் சூட்டில் விரியும். ஆகவே சூட்டில் பிடிப்பதைவிட ஆறியதும் பிடிப்பது இங்கே அதிகம். ஓடி வந்த சூட்டோடு சூவை நெருக்கி அட்ஜஸ்ட் பண்ணினால், இரவு டிரம் சுருங்கிக் காலையில் வண்டி அசையாது. மலையிலிருந்து இறங்கி வந்ததும் ஹேண்ட்பிரேக்கை முழுக்க இழுத்து நிறுத்துகிறவருக்கும் இதே கதி. கியரில் போட்டுச் சில்லுக்குக் கல் வைக்கச் சொல்லு.

ஹேண்ட்பிரேக் கம்பி உறைக்குள் துருப்பிடித்திருந்தால் லீவர் கீழே வந்தாலும் சூ விடாது. டிரம்முக்குப் பின்னால் அந்தக் கம்பியை விரலால் தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் எட்டி நீண்டிருக்கிறதா, பின்தகட்டில் சூ உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார். லைனர் தூசியைக் கொம்ப்ரஸரால் ஊதாதே. பழைய லைனரில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடை.

12. சூடான சில்லெல்லாம் பிரேக் அல்ல.

நடு ஹப் டிஸ்க்கைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கைப் பார்.

13. பழசு வந்தால் தரையைத் தூக்கு.

மொரிஸ் மைனர் இன்னும் இலங்கையில் ஓடுகிறது. 1990களில் அதன் தகடுகளை இங்கே அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்றால் பார்த்துக்கொள். அதன் மாஸ்டர் சிலிண்டர் பொனட்டுக்குள் இல்லை. ஓட்டுநரின் கால்களுக்குக் கீழே, சேசிஸ் பெட்டிக்குள்ளே. கம்பளத்தைத் தூக்கி ஒரு மூடியைத் திறந்துதான் ஒயில் ஊற்ற வேண்டும். அந்த இடத்தில் தண்ணீரும் மண்ணும் சேரும். கழற்றப் போனால் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக்கம்பி போல்டுக்கு வழிவிடாது. ஒரு நாள் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கு. பொனட்டைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள்.

14. ஹைபிரிட் என்றால் கையை எடு.

பிரியஸ், அக்வா போன்றவற்றில் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு பம்ப் உறுமுவது கேட்கும். உன் கால் படமுதலே அது அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. மேலே ஐந்தாவதில் சொன்ன முறையை அதில் செய்யாதே. கைநூல் சொல்லுகிற ஒழுங்கில் அதைத் தூங்கவைத்து, ஸ்கேனரோடு வேலை செய்கிறவரிடம் அனுப்பு. கலிப்பர் பின்னும் பேட் இருக்கையும் துருப்பிடிப்பது அதிலும் உண்டு. சொல்லப்போனால் மோட்டாரே பாதிப் பிரேக்கைப் பிடித்துக்கொள்வதால் பேட் வேலை குறைந்து துரு கூடும். அந்த அளவுக்குக் கேட்டால் சொல்லிக்கொடு.

15. புகைந்த ஒயிலை உள்ளே விடாதே.

பிடித்து நின்ற வண்டியின் பழுதைத் தீர்த்துவிட்டு அதே ஒயிலோடு கொடுப்பது பாதி வேலை. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். புது டொட் 3 ஒயிலுக்குக் கொதிநிலை 205 பாகைக்குக் குறையக் கூடாது. ஈரம் குடித்த பிறகு அதன் அளவு 140. டொட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. ஆனால் பிடித்து நிற்கிற சில்லில் இந்தச் சூடு ஒன்றும் பெரிதல்ல. கொதித்தால் ஒயிலுக்குள் ஆவிக் குமிழ். பெடல் பலகை வரை போகும். வண்டி பிடித்து நிற்பது தொந்தரவு. மகியங்கனைக்கு இறங்குகிற பதினெட்டு வளைவில் பெடல் கீழே போவது வேறு கதை. ஆகவே நாலு சில்லிலும் தெளிந்த ஒயில் வரும்வரை எயார் எடு. மூடி திறந்து மாதக்கணக்கில் தட்டில் இருந்த டின்னிலிருந்து ஊற்றாதே. சிலிக்கோனில் ஆன டொட் 5-ஐ இவற்றோடு கலக்காதே. எண்ணில் கிட்டக் கிட்ட இருந்தாலும் 5.1 வேறு, 5 வேறு.

16. வழியில் நின்றவருக்கு நிப்பிளைத் திறந்து அனுப்புவது வைத்தியம் அல்ல.

அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஒரு சொட்டு அழுத்தத்தை விட்டு, நிப்பிளை இறுக்கி, பக்கத்துக் கராஜ் வரை மெதுவாகப் போகலாம். அதையே பழக்கமாக்கி இருபது மைலுக்கு ஒருதரம் திறந்து திறந்து மலைநாடு போய் வந்தேன் என்று பெருமை பேசுகிற ஓட்டுநர்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் ஒயில் குறைகிறது, போத்தல் தீர்ந்தால் காற்றுப் புகுகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிற வேனுக்கு அந்த வேலையை நீ செய்து அனுப்பாதே. "காசு பிறகு தாங்க, வண்டி இங்க நிக்கட்டும்" என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும்.

17. கொடுக்குமுன் ஓட்டிப் பார்.

மூதூர்ப் பக்கம் போய்த் திரும்பு. போகும்போது முதலாவதில் சொன்ன மாதிரி பிடித்துப் பிடித்துச் சூடாக்கு. வரும்போது சமதரையில் கியரை எடுத்து உருளவிட்டுப் பார், தானாக ஓடுகிற தூரம் காதுக்கும் காலுக்கும் தெரியும். கராஜுக்குள் நுழையும்போது கடைசி நிறுத்தத்தை ஹேண்ட்பிரேக்கால் நிறுத்து, பெடலைத் தொடாதே. இறங்கியதும் நாலு சில்லையும் அள. இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பெடலின் வெறும் அசைவு போகும்போது இருந்த அளவே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் ஜக்கை எடுக்காதே, ஆறவிடாதே, நேரே பூஸ்டர் நட்டுக்குப் போ.